மெமரிக்கு வைத்த மஞ்சள்

1

என் நாவல் நகராமல் கிடப்பதற்குக் கணினியின் மந்தம்தான் காரணம் என்று வீட்டில் நெடுங்காலமாகச் சொல்லிவந்தேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன என் மனைவி அன்னப்பூரணி ஒருநாள் ஓட்டமாவடிக்குப் போய் அதற்குப் புது மெமரி வாங்கிவந்து மேசையில் வைத்தாள். "இனி எழுதுங்க," என்றாள். நான் அதை மாட்டினேன். கணினி அன்றைக்குப் படுத்ததுதான். விசிறி சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். முகத்தில் கவலையும் உள்ளே சொல்ல முடியாத நிம்மதியுமாக அதைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாவடி பஸ்ஸில் ஏறினேன்.

அங்கே கடை வைத்திருக்கும் ரிப்கா பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டே, "மெமரியில மஞ்சள் கிஞ்சள் பூசல்லதானே சேர்?" என்று கேட்டார். போன கிழமை யாரோ கொண்டுவந்த கணினியில், புது மெமரியின் ஓரத்தில் இருக்கும் தங்கநிறப் பல்லெல்லாம் மஞ்சளாம். யார், எந்த ஊர், எதற்குப் பூசினார்கள் என்று துருவினேன். "அது அவங்கட வீட்டு விசயம்," என்று சொல்லி வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த உண்மை அவ்வளவுதான். மீதியெல்லாம் பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் கட்டிய புளுகு. அதைப் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பேனையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். கணினி இல்லாமலும் எனக்கு எழுத வருகிறது என்பதை அன்னப்பூரணி கவனித்துவிட்டாள். அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: "வாவியின் மேல் சூரியன் தன் பொற்கதிர்களை —"

(இல்லை. வாவியை வர்ணிக்க இறங்கினால் நான் இலேசில் கரையேற மாட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "கணினி என்பது மனித மனத்தின் —"

(எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது.)

மூன்றாம் தொடக்கம்: "கண்ணகை தன் மருமகனோடு ஒரு வார்த்தைகூடக் கதைத்ததில்லை."

இது நிற்கும்.

களுதாவளையில் ஒரு வீடு. மகள் உசாந்திக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. எங்கள் பக்கத்து வழக்கப்படி, கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஜெயந்தன் உடுப்புப் பெட்டியோடு அங்கே வந்து சேர்ந்தான். தாய் கண்ணகை குசினியோடு ஒட்டிய அறைக்கு மாறிக்கொண்டாள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. கலியாணத்தன்று கூச்சத்தில் அவள் மருமகனோடு கதைக்கவில்லை. நாளைக்குக் கதைக்கலாம் என்று விட்டாள். மறுநாளும் கூச்சம். இப்படியே ஒன்றரை வருடம் ஓடிய பிறகு திடீரென்று வாயைத் திறந்தால், இவ்வளவு நாளும் ஏன் கதைக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவருமே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஜெயந்தனுக்கும் அதே வியாதிதான்.

"இந்தக் காலத்தில எந்த மாமி மருமகனோட கதைக்காம இரிக்கா?" என்றாள் அன்னப்பூரணி, இந்த இடத்தை வாசித்துவிட்டு. உன்ட அம்மா என்னோடு எப்போது கதைக்கத் தொடங்கினார் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டாள்.

அந்த வீட்டில் மாமிக்கும் மருமகனுக்கும் நடுவே பேச்செல்லாம் உசாந்தி வழியாகத்தான் போகும். அவள் வேலைக்குப் போன நேரத்தில் வெள்ளாட்டின் வழியாகப் போகும். "வெள்ளச்சி, சோறு ஆறுது, சாப்பிடுறவங்க சாப்பிடலாம்," என்று கண்ணகை குசினி வாசலில் நின்று ஆட்டுக்குச் சொல்வாள். "வெள்ளச்சி, எனக்கு இன்னும் பசிக்கல்ல," என்பான் ஜெயந்தன் உள்ளிருந்து. ஆடு தன்பாட்டில் குழை தின்றுகொண்டிருக்கும்.*

* முதலில் கிளி என்றுதான் எழுதியிருந்தேன். கிளி கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிடும், கதை அங்கேயே முடிந்துவிடும் என்பதால் ஆட்டைக் கட்டினேன்.

3

ஜெயந்தன் கணினியில் வீட்டுப் பிளான் கீறுகிறவன். வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆள் தேடிய கொழும்புக் கம்பனி ஒன்று, மாதிரிக்கு ஒரு மாடிவீட்டைக் கீறி அனுப்பச் சொல்லியிருந்தது. கீறிவிட்டான். ஆனால் பிளானின் பாரம் தாங்காமல் பழைய கணினி உறைந்து உறைந்து நின்றது. அதனால் பழைய மெமரியைக் கடையில் கொடுத்துவிட்டுப் பெரிய மெமரி ஒன்று வாங்கிவந்தான். இன்று பின்னேரம் நாலு மணிக்குள் பிளான் போக வேண்டும். பிளான் போகாவிட்டால் இவன் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போக வேண்டும். ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஓமா இல்லையா என்று இன்றைக்கே சொல்லச் சொல்லி நிற்கிறான்.

(இரண்டு கெடுவும் ஒரே நாளில் வருமா என்று கேட்காதீர்கள். வராது. நான்தான் வரவழைத்தேன். இரண்டாம் பிரதியில் உசாந்தியைப் பிள்ளைத்தாச்சியாகவும் ஆக்கியிருந்தேன். "வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்று அன்னப்பூரணி கேட்டாள். வெட்டிவிட்டேன்.)

கட்டார் என்ற சொல்லைக் கேட்டாலே கண்ணகை எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். அவளுடைய புருசன் வினாயகமூர்த்தி, உசாந்தி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே போனவர். முதலில் போன் வந்தது, பிறகு சாமான் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் ஊருக்கு வந்துபோகிறவர்கள் சொன்னார்கள். பஸ் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்த அந்த வருடங்களை அவள் யாருக்கும் சொன்னதில்லை. தன் மகளும் அப்படிப் பார்க்கக் கூடாது. ஜெயந்தன் போகக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அதனால்தான் அன்று காலையில் ஜெயந்தன் குளிக்கப் போன நேரம் பார்த்து, மேசையில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு ஒடுங்கிய தகடு. மருமகனை வீட்டோடு நிறுத்தப் போகிற சாமான். புதுச் சட்டைக்கு வைப்பது மாதிரி மூலைக்கு மூலை மஞ்சள் தொட்டு வைத்தாள். குழைத்த மஞ்சளில் தண்ணீர் கூடிவிட்டது. ஓரத்தில் இருந்த தங்கநிறப் பற்களின் மேல் வழிந்தது. பதறிப்போய்ச் சீலைத் தலைப்பால் எல்லாவற்றையும் துடைத்தாள். மூலைகள் துப்புரவாகின. பற்களில் மட்டும் மஞ்சள் பூசினதுபோலப் பரவிக் காய்ந்தது. தங்கநிறத்தின் மேல் மஞ்சள் என்றபடியால் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, தடவிப் பார்த்த அவளுடைய விரலுக்குத்தான் தெரிந்தது. பிள்ளையார் படத்துக்கு ஒருதரம் காட்டிவிட்டு, இருந்தபடியே பெட்டிக்குள் வைத்தாள்.

4

பல்லில் மஞ்சள் வழிந்ததை உசாந்திக்கு ஒரு போன் எடுத்துச் சொன்னால் முடிந்ததே என்பீர்கள்.

கைபோன் வந்த பிறகு கதை எழுதுகிறவர்களின் பிழைப்புக் கெட்டுத்தான் போய்விட்டது. முன்பென்றால் ஒரு கடிதத்தைத் தொலைத்தால் நாற்பது பக்கம் ஓட்டலாம். நான் உசாந்தியை மட்டக்களப்பு டவுனில் ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பி, வாசலிலேயே போனை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கண்ணகை விடவில்லை, திரும்பத் திரும்ப எடுத்தாள். ஒரு பெண் குரல் முதலில் சிங்களத்தில் சொன்னது, பிறகு தமிழில் சொன்னது, பிறகு இங்கிலீசில் சொன்னது. மூன்றிலும் மகள் இல்லை.

5

ஜெயந்தன் புது மெமரியை மாட்டிப் பொத்தானை அமத்தினான். விசிறி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. (என் கணினி செய்ததையே இங்கும் எழுதிவிட்டேன். எனக்குத் தெரிந்த பழுது அது ஒன்றுதான்.) வயரைப் பிடுங்கிச் சொருகினான். திரையின் வயரை வேறு துளையில் மாட்டிப் பார்த்தான். உள்ளே இருந்த வட்டப் பற்றரியைக் கழற்றிப் போட்டான். போனில் ஒரு வீடியோக்காரர் "நண்பர்களே, பதட்டப்படவே வேணாம்" என்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னபடி மெமரியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். குசினி வாசலில் நின்று கண்ணகை எட்டி எட்டிப் பார்த்தாள்.

"பளபளண்டுதானே கிடக்கு," என்று தனக்குள் சொல்லி, அதை மறுபடி சொருகினான்.

கண்ணகையால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. பின்வளவுக்குப் போனாள். உள்ளே கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

"வெள்ளச்சி! புதுசா வந்த சாமானுக்கு மஞ்சள் வெச்சா அது பழுதாப் போகுமா?"

ஜெயந்தன் ஜன்னலால் எட்டிப் பார்த்தான். ஆட்டின் கழுத்தில் நேற்று வாங்கிய புதுக் கயிறு கிடந்தது. "வெள்ளச்சி, கயித்துக்கு ஒண்டும் ஆகாது," என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

(இந்த இடத்தில் நீங்கள் சிரிக்க வேண்டும் என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கண்ணகையைப் பார்த்தால் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

மத்தியானம் தாண்டியதும் ஜெயந்தன் கடைக்குப் போன் எடுத்தான். (கடைக்காரியாக ரிப்காவையே போட்டிருக்கிறேன், அவரிடம் கேட்காமல். களுதாவளைக்குக் கிட்ட வேறு கடை இல்லையா என்றால், இருக்கிறது. எனக்குப் பழக்கமான கடைக்காரி அவர் ஒருவர்தான்.) "புதுச் சாமான் தம்பி, அதுல பிழை வராது," என்றார் ரிப்கா. "மதர்போட் போயிரிக்கும். கொண்டாங்க, பார்ப்பம்." ஓட்டமாவடிக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே நாலு மணி தாண்டிவிடும். ஜெயந்தன் போனை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தான். பிறகு ஜன்னலைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"வெள்ளச்சி, நான் போகத்தான் வேணும் போல."

அது ஆட்டுக்குச் சொன்னதல்ல என்று கண்ணகைக்கு விளங்கியது.

6

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், ஜெயந்தன் எப்படியோ மஞ்சளைக் கண்டுபிடித்து, மூடநம்பிக்கையைப் பற்றி ஒரு பக்கம் பேசுகிறான். நல்ல தமிழ். பாடசாலைப் பேச்சுப் போட்டிக்குக் கொடுக்கலாம். அந்தப் பக்கம் முழுவதும் கண்ணகை தலையைக் குனிந்துகொண்டே நின்றாள். மஞ்சளில் அவள் வைத்திருந்த ஆசைக்கு அதில் ஒரு வரிகூட இடமில்லை. கிழித்தேன்.

இரண்டாவதில், அவள் களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்கிறாள், கணினி தானாகவே ஓடுகிறது. கோயில் மலரில் போடுவார்கள், என் படத்தோடு. கொஞ்ச நேரம் சபலப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் பிள்ளையாரை ஒரு மெமரி துடைக்க அழைப்பது எனக்கே —

மூன்றாவதில், அவன் போகிறான். விமான நிலையத்துக்குப் போகும் வேன், கண்ணகையின் கை, தெருப் புழுதி. பரிசுக்கு அனுப்ப வசதியான முடிவு. அன்னப்பூரணி வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். நான் பெருமையோடு அவளைப் பார்த்தேன். "நல்லாத்தான் இரிக்கு," என்றாள். "ஆனா அந்த மனிசி வாயத் திறந்திருப்பா."

7

ஜெயந்தன் விறாந்தையில் நின்று ஏஜென்சிக்குப் போன் எடுத்தான்.

"ஓம் அண்ணன். நான் ஜெயந்தன், களுதாவளை. அந்த விசயமா —"

கண்ணகை திருவிக்கொண்டிருந்த தேங்காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. விறாந்தைக்கு வந்து அவனுக்கு நேரே நின்றாள்.

"மகன், அந்தப் போனை வையுங்க."

அவன் திரும்பினான்.

"நான்தான் அதுக்கு மஞ்சள் வெச்சன். நீங்க குளிக்கப் போன நேரம். நல்லது நடக்கட்டும் எண்டுதான் வெச்சன். அது வழிஞ்சு பல்லெல்லாம் பட்டுட்டு. துடைச்சன், போகல்ல. ஏசுறதெண்டா ஏசுங்க. நீங்க போகாதீங்க மகன். என்ட புள்ளய விட்டுட்டுப் போகாதீங்க."

பாத்திரங்கள் தாமாகவே பேசின என்று சொல்லும் எழுத்தாளர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆகவே நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நான்தான் எழுதினேன். எழுதியபின் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன். அவ்வளவுதான்.

போனுக்குள் ஏஜென்சிக்காரன் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஜெயந்தன் அழைப்பை வெட்டினான். மாமியின் முகத்தைப் பார்த்தான். அவ்வளவு கிட்டத்தில் அவளை அவன் பார்த்ததில்லை.

"மாமி," என்றான். அதுவே அவனுக்குக் கனமாக இருந்தது. "வீட்டில அழிறப்பர் இரிக்கா?"

"அழிறப்பர் என்னத்துக்கு மகன்?"

"அந்தப் பல்லைத் தேய்க்க."

உசாந்தியின் பழைய பாடசாலைப் பெட்டிகளையெல்லாம் இருவரும் கவிழ்த்துக் கொட்டினார்கள். ஒரு தேய்ந்த துண்டு அகப்பட்டது. அவன் தேய்த்தான், அழிறப்பர் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. கணினிப் பெட்டிக்குள் அவள் டோர்ச் அடித்துக்கொண்டு நின்றாள். வாய் ஓயவில்லை. நீங்க சாப்பிடுறது காணாது, போன மாதம் மீன் ஆணத்துக்குப் புளி கூடிப்போனது எனக்கும் தெரியும், வெயிலுக்குள்ள தொப்பி இல்லாமப் போறீங்க, மழை நேரம் உங்கட அறையில ஒழுகுதா எண்டு கேக்க நினைச்சன் என்று ஒன்றரை வருடத்துப் பேச்சும் கொட்டியது. அவன் "ஓம் மாமி, ஓம் மாமி" என்றபடி மெமரியைச் சொருகினான். டிக் என்ற சத்தத்தோடு அது பொருந்தியது. நாலு மணிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவன் விரலைப் பொத்தானில் வைத்தான்.

நான் இங்கே பேனையை மூடுகிறேன். அந்தப் பொத்தானை அமத்துகிற வேலை உங்களுடையது. கணினி ஓடியது, பிளான் போனது என்று நீங்கள் முடிக்கலாம். மதர்போட் மெய்யாகவே போய்விட்டது என்றும் முடிக்கலாம். கணினிகள் அப்படியும் செய்யும். ஒன்றே ஒன்று. கணினி ஓடவில்லை, ஜெயந்தன் போகிறான் என்று முடிப்பவர் அதை எழுதிவிட்டு நழுவக் கூடாது. டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கண்ணகைக்கு முன்னால் போய் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, தன் வாயாலேயே சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.