தாமதமே இல்லாத மாதம்

ரயில் நேரத்துக்கு வந்ததா என்பதைக் கடைசி நிலையத்தில் மட்டும்தான் பார்ப்பார்கள். புறநகர் லைனின் கால அட்டவணை அதிகாரிக்கு இந்தச் சூட்சுமம் பிடிபட்ட நாளிலிருந்து யோகம்தான். வண்டி கொஞ்சம் பிந்தினால் போதும், நடுவிலுள்ள நான்கு சின்ன நிலையங்களில் நிற்காமல் ஓட்டச் சொல்லிவிடுவார். கடைசி நிலையத்துக்கு டாண் என்று வந்து சேரும். பிளாட்பாரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றவர்களைப் பற்றி எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை. அலுவலகத்தில் அவருக்கு 'செகண்டு முள்' என்று பட்டப்பெயர். கேட்டால் மனுஷன் பூரித்துப்போவார். அவர் வேலைக்கு வருவதென்னவோ ஜீப்பில்.

அன்று மாதத்தின் கடைசி நாள். அதுவும் தாமதமில்லாமல் முடிந்தால் முப்பது நாளும் சுத்தம். பதவி உயர்வு கையில். பத்து மணிக்கு மகள் போன் செய்தாள்.

ஒன்பதரைக்கு நேர்முகத் தேர்வு. எட்டு மணியிலிருந்து வீட்டுப்பக்கத்து நிலையத்தில், அந்த நான்கில் ஒன்றில், நிற்கிறாளாம். வந்த வண்டி ஒன்றுகூட நிற்கவில்லையாம். கம்பெனியில் பேசிப் பார்த்தாளாம். ரயில் தாமதமென்று ரயில்வேயின் கடிதம் இருந்தால் மத்தியானம் பார்க்கிறோம் என்றார்களாம். இரண்டு வருஷம் நாயாய் அலைந்து கிடைத்த அழைப்பு.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிற மகராசன் இவரேதான். போட்டால் ஒரு தாமதம் பதிவாகும், முப்பது இருபத்தொன்பதாகும். பேனா மூடியைத் திறந்தார், மூடினார். வண்டிகளின் நேரம் காட்டும் திரையைப் பார்த்தார். எல்லாம் பச்சை.

"பாப்பா, எல்லா வண்டியும் கரெக்ட் டயத்துக்கு வந்திருக்கும்மா. எதை லேட்டுன்னு எழுதுறது?"

மறுமுனையில் இன்னொரு வண்டி நிற்காமல் தடதடவென்று போவது கேட்டது. சத்தம் அடங்கியபிறகுதான் அவள் பேசினாள்.

"அப்போ லேட்டு நான்தானாப்பா?"

இல்லை என்று சொன்னால் கையெழுத்துப் போட்டாக வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார். புகார் சொல்ல வருகிறவர்களுக்கு இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாயில் தயாராக இருந்ததுதான் வந்தது.

"கொஞ்சம் முன்னாடியே கெளம்பியிருக்கலாமேம்மா."