நாற்பத்தொன்றாம் எண் அருவி

மாநிலச் சுற்றுலாக் கையேடு சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டும். எழுத்து அண்ணியுடையது. வரைபடம் கொழுந்தனுடையது. அலுவலகத்தில் எதிரெதிர் மேசை.

மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவில் ஆறு. கோட்டை, கலங்கரை விளக்கம், பறவைகள் வரும் ஏரி என்று அறுபத்திரண்டு இடங்கள். கொழுந்தன் வரைபடத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வந்தான். நாற்பத்தொன்றில் நின்றான்.

‘மூன்று அடுக்காக விழும் அருவி. குழந்தைகளும் பயமின்றிக் குளிக்கலாம்.’

அந்த அருவி இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு அவனே போட்ட நீலக் கோடு. மற்றவர்கள் வரைபடத்தைத் திருடினால் பிடிபட, இல்லாத இடம் ஒன்றைச் சேர்ப்பது அலுவலக வழக்கம். அவனுக்கும் மேலாளருக்கும் மட்டுமே தெரியும்.

பார்க்காத இடத்தை எழுதக்கூடாது என்று மேலாளர் முதலிலேயே சொல்லியிருந்தார். எல்லாம் பார்த்தாயிற்று என்று அண்ணியும் சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் கையேட்டின் இரண்டாம் பாகத்தையும் அவளே எழுதலாம் என்றார். நான்கு மணிக்கு அவர் படிப்பார். இப்போது மூன்று.

"அண்ணி, நாப்பத்தொண்ணுக்குப் போனீங்களா?"

"போகாம எழுதுவாங்களா?"

"தண்ணி எப்படி இருந்துச்சு?"

"தண்ணி மாதிரிதான் இருந்துச்சு."

அவன் குனிந்து மெதுவாக விஷயத்தைச் சொன்னான். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

மலையடிவாரம் வரை போனதாகவும், முட்டி ஒத்துழைக்கவில்லை என்றும் சொன்னாள். மலைமேல் இருந்த நான்கு இடங்களை வரைபடத்தைப் பார்த்தே எழுதியிருக்கிறாள். அருவி வரிகளை மட்டும் எடுத்துவிட்டு அங்கே ஒரு படம் போடலாம், யாருக்கும் தெரியாது என்றான் அவன்.

"குழந்தைங்க குளிக்கலாம்னு வேற எழுதி வெச்சிருக்கேன்" என்றாள்.

நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். கண்ணாடி வழியே தெரிந்தது. அவள் பேசினாள். அவர் வெகுநேரம் தாளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"வலை விரிச்சது வெளியாளுக்காம். மாட்டினது வீட்டு மீனாம்."

"ரெண்டாம் பாகம்?"

"மத்த மூணையும் பாத்துட்டு வந்தா பேசலாம்கிறார். அச்சு ஒரு வாரம் தள்ளி."

வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி மலைகளைப் பார்த்தாள்.

"இதையெல்லாம் வரைஞ்சியே, நீ பாத்திருக்கியா?"

பதினோரு வருடமாக வரைகிறான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல அண்ணி."

"அப்ப ரெண்டு டிக்கெட் எடு. வழியில என் முட்டியை நீ பாத்துக்க. வீட்டை உங்க அண்ணன் பாத்துக்கட்டும்."

அவள் போன பிறகு அவன் அருவியை அழித்தான். கடலில், கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, இல்லாத ஒரு சின்னப் பாறையை வரைந்தான். முட்டி நன்றாக இருப்பவர்களும் நடந்து போக முடியாத இடம்.