அரிவாள்மணை இல்லாத வீடு

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அம்மா அரிவாள்மணையை முந்தானையில் மறைத்து எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாளிடம் கொடுத்துவிட்டாள். கூரையில் தொங்கிய வலைக்கயிறும் கூடவே போயிற்று. அதற்குப் பிறகு அண்ணி மீனை அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் அரிந்தாள்.

என்னிடம் அம்மா ஒன்றுதான் சொன்னாள். "அங்கம்மா, ஒங்கண்ணன் ரயில் ரோடு பக்கம் போனா நீயும் பின்னாலயே போ. இன்னா ஏதுன்னு கேக்க வாணாம். சும்மா போ."

பேசாமல் போவது எனக்குப் பழக்கம்தான்.

எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போகாமல் வேலைக்குப் போன முதல் ஆள் குமாரவேல் அண்ணன். திருவொற்றியூரில் எண்ணெய் டின் செய்யும் ஒரு கம்பெனி. தகரத்தை அழுத்துகிற மிஷின் அவனுடைய வலது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது. காயம் ஆறிவிட்டது. சோறுதான் இறங்கவில்லை. முதலில் அம்மா ஊட்டினாள். சுவரைப் பார்த்தபடி வாங்கிக்கொள்வான். ஒருநாள் தெருவில் போன யாரோ எட்டிப் பார்த்துச் சிரிக்கவும் அம்மாவின் கையைத் தட்டிவிட்டான். அண்ணி ஊட்ட வந்தாள், எழுந்து போய்விட்டான். அப்புறம் கஞ்சியை டம்ளரில் குடித்தான். இப்போது அதையும் தள்ளி வைக்கிறான்.

இருக்கிற கையால் சாப்பிடு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பீச்சாங்கையால் சோற்றைத் தொடுவது எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய குற்றம். அது எனக்கு நன்றாகத் தெரியும். பிறந்ததிலிருந்து எனக்கு அந்தக் கைதான் முந்தும். சின்ன வயதில் சாப்பிட உட்கார்ந்தால் அண்ணன் என் இடது கையை வலைநூலால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவான். "நாளைக்குப் போற வூட்ல காறித் துப்புவான்" என்பான். பள்ளிக்கூடத்தில் சுப்பராயன் வாத்தியார் விரல் முட்டியிலேயே அடித்தார். வலது கையில் எனக்கு எழுத்து வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளையில் அண்ணியின் அண்ணன் செல்வம் எண்ணூரிலிருந்து வந்தார். ஓலைக்கூடையில் ஆற்று மடவை மீன் கொண்டு வந்திருந்தார். வாசலில் நின்றபடியே தங்கையிடம், "பவுனு, துணிமணிய எட்த்து வை. வெயில் தாழ பூடலாம்" என்றார். அண்ணிக்கு அப்போதுதான் வயிறு தெரியத் தொடங்கியிருந்தது.

அண்ணி கூடையை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

"எங்கமே போற?"

"பக்கத்து வூட்ல அரிஞ்சிகினு வரேன்."

"இன்னாது, ஒரு அருவாமணைகூடவா இல்ல இந்த வூட்ல?"

நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை அம்மா ஊதினாள். அண்ணன் தலையைத் திருப்பி, அரிவாள்மணை சாத்தி வைக்கும் மூலையைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். கடைசியில் அம்மாவின் முதுகைப் பார்த்தான்.

குழம்பு கொதித்து இறங்கியது. அண்ணன் தனியாக உட்கார வேண்டாம் என்று அம்மா என்னையும் அவன் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவன் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அம்மா அருகில் குந்தி ஒரு கவளம் பிசைந்தாள்.

செல்வம் முள்ளை உறிஞ்சித் துப்பினார். "பாரு அத்தே, எந்தங்கச்சி ஒரே நேரத்துல ரெண்டு கொயந்தைக்கு ஊட்ட முடியுமா? அதான் இட்டுகினு போறேன்."

அம்மாவின் கை பாதியில் நின்றது. அண்ணன் எழுந்திருக்கக் காலை மடக்கினான். அவன் கண் வாசலுக்குப் போய்விட்டது. வாசலைத் தாண்டினால் ரயில் ரோடு. இன்றைக்கு என்னால் பின்னாலேயே போக முடியாது, இவன் ஓடுவான் என்று தோன்றியது.

நான் இடது கையைச் சோற்றில் வைத்தேன். பிசைந்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"அடியே, இன்னாடி பண்றே? சோத்துக் கையாடி அது?" அம்மாவின் குரல் கீச்சிட்டது.

மீனைத் தொட்டேன். பெருவிரலால் நெம்பி நடுமுள்ளை முழுசாகத் தூக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தேன். முதுகில் அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. அண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தினி தபா கட்டிப் போட்டனே. இன்னும் அடங்கலியா அது?"

"இல்லண்ணா."

"எப்போ துன்னுவ இதால?"

"யாரும் இல்லாதப்போ."

"முள்ளுகூட எடுக்குதே."

"மொதல்ல ஒயுங்கா வராதுண்ணா. சிந்தும். பெருவெரலால உள்ள தள்ளணும்."

அந்த வீட்டில் நான் அவ்வளவு பேசியது அன்றுதான்.

"கலீஜு" என்றார் செல்வம்.

அண்ணன் அவர் பக்கம் திரும்பவில்லை. இடது கையை வேட்டியில் துடைத்தான். சோற்றில் வைத்தான். வேறு யாருடைய விரல்களோ மாதிரி அவை விறைத்து நின்றன. முதல் கவளம் மடியில் கொட்டியது. அடுத்ததில் பாதி தாடியில் ஒட்டிக்கொண்டது, பாதி உள்ளே போயிற்று. பிசைந்து வைத்திருந்த கவளத்தை அம்மா தன் வாயிலேயே போட்டுக்கொண்டு குனிந்துகொண்டாள்.

"மீன் வைக்கட்டா?" என்றாள் அண்ணி.

"வை. முள்ளு எடுக்காத. நானே எட்துக்கிறேன்."

வெகு நேரம் ஆயிற்று. முள் இரண்டு முறை தொண்டையில் சிக்கி இருமினான். தட்டில் பாதியை மிச்சம் வைத்தான். வெயில் தாழ்ந்தபோது செல்வம், "கெளம்புலாமா?" என்று கேட்டார்.

"நீ போண்ணா" என்றாள் அண்ணி. "பிரசவத்துக்கு வரேன்."

"அடுத்த வாரம் வந்து பாக்கறேன். இதே பேஜாரா இருந்தா உடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் வெறும் கூடையோடு போனார்.

நான் தட்டுகளைக் கழுவி வந்தபோது அண்ணன் அந்த மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, அருவாமணைய எட்னு வரச் சொல்லு."

அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். "எதுக்குடா?"

"நாளைக்கு மீனு அரிய வாணாமா? பவுனு எத்தினி நாளைக்கு அடுத்த வூட்டு வாசல்ல குந்தும்?"

அம்மா அண்ணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, "போயி எட்னு வா" என்றாள்.

கயிற்றைப் பற்றி அவன் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. நான் அரிவாள்மணையை மட்டும் எடுத்து வந்தேன்.