காய்ந்த படி நான்கு

மகள் பள்ளி ஆசிரியை. வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை அணைக்கட்டு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய்விட்டு வந்த அன்று சாயங்காலம் போன் செய்தாள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பாவின் பதிவேடு இருக்கிறது, சுவரில் அப்பா நிற்கும் படமும் இருக்கிறது என்றாள். சந்தோஷப்படுவதா என்று நான் யோசிப்பதற்குள், பெட்டியில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்துக் காட்டினாள். "நீர் நான்கு படி அளவே இருந்தபோது, மதகுக் காவலரின் கவனக்குறைவால் பன்னிரண்டு கதவுகளும் திறக்கப்பட்டன. கீழ்ப்பகுதி வயல்கள் அழிந்தன." பிள்ளைகள் அதை எல்லோருமாகச் சத்தம் போட்டு வாசித்தார்களாம். அது தன் அப்பா என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"நிஜமாவாம்மா?" என்று கேட்டாள்.

அவர் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. உயிரோடு இருந்திருந்தால், விடு, அட்டைதானே என்றிருப்பார். எதற்கும் விடு என்பதுதான் அவர் பதில். விட்டு விட்டுத்தான் கவனக்குறைவில் வந்து நின்றது. அந்த அட்டையை மாற்றாமல் திரும்புவதில்லை என்று மறுநாளே கிளம்பினேன்.

தனியாகப் போகத்தான் நினைத்தேன். என் நாத்தனார், அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், விடவில்லை. தம்பியின் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கல்யாண வீட்டுக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றார். வழி முழுக்க அதே பேச்சு. அவர்கள் குடும்பத்தில் இதுவரை யார் படமும் வீட்டுச் சுவரைத் தாண்டியதில்லையாம். அட்டையைப் பற்றி நான் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை.

"கண்ணாடி போட்டு வச்சிருக்காங்க இல்ல? சும்மாவா வைப்பாங்க? நீ போய் வம்பு பண்ணி, இருக்கிற படத்தையும் கழட்ட வச்சிடாதே."

அருங்காட்சியகம் என்பது அணையின் பழைய அலுவலகம்தான். இரண்டு அறை. ஒரு காலத்தில் அவர் சம்பளக் கையெழுத்துப் போட்ட மேஜையில் இப்போது டிக்கெட் கொடுக்கிறார்கள். கொடுத்த காப்பாளர் நாற்பது வயதுக்காரர். டிக்கெட், தோட்டம், விளக்கம் மூன்றுக்கும் அவர் ஒருவரே. செடிக்குத் தண்ணீர் விட்ட கை ஈரத்தோடு டிக்கெட்டைக் கிழித்ததில் எண் அழிந்துபோயிற்று.

நான் நேராக இரண்டாவது அறைக்குப் போகப் பார்த்தேன். காப்பாளர் மறித்தார். முதலில் வீடியோ பார்க்க வேண்டுமாம், அதுதான் வரிசையாம். இந்த அணையின் அடியிலேயே பதினாறு வருஷம் குடியிருந்தவள் நான் என்றேன். அப்படியென்றால் வீடியோ ரொம்பப் பிடிக்கும் என்றார். இருபத்திரண்டு நிமிஷம். பாதிக்கு மேல் பறவைகள். அண்ணி ரசித்துப் பார்த்தார். முடிந்ததும் அணையின் மாதிரி. அண்ணி பொத்தானை அழுத்த, குட்டிக் குட்டியாக விளக்குகள் எரிந்தன. தண்ணீர் வரவில்லை. மோட்டார் எரிந்து எட்டு மாதம் ஆகிறதாம். எரிந்த கதையை அவர் சொல்லி முடிக்கும் வரை நிற்க வேண்டியிருந்தது.

ஒருவழியாகப் பதிவேட்டின் முன்னால் போய் நின்றேன். அவருடைய கையெழுத்து. எண்களைச் சாய்க்காமல், நிறுத்தி வைத்ததுபோல எழுதுவார். மணிக்கு ஒரு வரியாக அந்த நாளின் பக்கம் திறந்திருந்தது. மேலே படத்தில் நாலு பேர். அவர் இரண்டாவது. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். அண்ணி கண்ணாடியில் விரலை வைத்து, "ராஜா மாதிரி நிக்கிறான்" என்றார்.

காப்பாளரைக் கூப்பிட்டு, அட்டை தப்பு என்றேன். எழுத்துப் பிழையா என்று குனிந்து பார்த்தார். இல்லை, எல்லாமே தப்பு என்றேன்.

விஷயம் ரொம்பச் சின்னது. அணைச் சுவரை ஒட்டி ஆற்றுக்குள் இறங்கும் இருபத்து நான்கு கற்படிகள்தான் அங்கே நீர்மட்டத்துக்கு அளவு. மேலிருந்து எத்தனை படி காய்ந்திருக்கிறது என்று எண்ணி எழுதுவார்கள். தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிற படியை யார் போய் எண்ணுவது? நான்கு என்றால் இன்னும் நாலே படிதான் பாக்கி, தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அணையில் வேலை பார்த்த கடைசி ஆள்வரை எல்லோருக்கும் இது தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதால், இத்தனை வருஷப் பதிவேடுகளில் ஒன்றில்கூட யாரும் இதை எழுதி வைக்கவில்லை. இவர் மட்டும் என்ன, பக்கத்தின் தலையில் 'காய்ந்த படி' என்று இரண்டு வார்த்தை எழுதினால் மை தீர்ந்துவிடுமா? எங்கோ தலைநகரத்தில் உட்கார்ந்து அட்டை தயாரித்தவர் நான்கைப் பார்த்தார், நாலு படித் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். காப்பாளரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அட்டை மேலிடத்திலிருந்து வந்தது என்றார். வேண்டுமானால் பார்வையாளர் கருத்துப் புத்தகத்தில் எழுதலாமாம். அந்தப் புத்தகத்தில் கடைசியாக ஒருவர் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று எழுதியிருந்தார். அது எழுதி மூன்று வருஷம். தாழ்ப்பாள் போட்டாயிற்றா என்று கேட்டேன். இல்லை என்றார்.

பெட்டியைத் திறங்கள், கோடைப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுகிறேன், அங்கே இருபதும் இருபத்தொன்றுமாக இருக்கும், கோடையில் ஆறு நிரம்பி வழிந்ததா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். சாவி மேலதிகாரியிடம் இருக்கிறது. மேலதிகாரி விடுப்பில் இருக்கிறார்.

"விடேன்" என்றார் அண்ணி. உடன்பிறப்புகள் அந்த ஒரு வார்த்தையைப் பங்கு போட்டுக்கொண்டு பிறந்தார்கள் போலிருக்கிறது.

நான் திறந்திருந்த பக்கத்தையே காட்டினேன். கதவு திறப்பதற்கு முன் ஒன்பது, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு. திறந்த பிறகு ஆறு, ஒன்பது, பதின்மூன்று.

"தம்பி, பன்னிரண்டு கதவையும் திறந்துவிட்ட பிறகு அணையில தண்ணி ஏறுமா?"

அவர் நெடுநேரம் பார்த்தார். தினமும் துடைக்கிற கண்ணாடிக்குள் அப்போதுதான் எட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு, "மேல நல்ல மழை பெஞ்சிருக்கும்மா" என்றார்.

அவரை இழுக்காத குறையாக வெளியே கூட்டிப்போனேன். முதலில் அறையைப் பூட்ட வேண்டும் என்றார். பூட்டினார். மறந்து உள்ளே விட்ட தொப்பியை எடுக்க மறுபடி திறந்தார். படிகள் அப்படியேதான் இருந்தன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் உளியால் செதுக்கிய எண். மேல்படியில் ஒன்று. அவர் ஒவ்வொரு எண்ணையும் காலால் துடைத்துத் துடைத்துக் கீழே போனார். பதினேழாவது படியில் தண்ணீர் தொட்டது. அங்கேயே நின்று மேலே பார்த்தார். மேலிருந்து நாலாவது படிவரை தண்ணீர் வந்தால் அவர் தலைக்கு மேல் எவ்வளவு இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"ஐயோ" என்றார் மெதுவாக. "இதுல திறக்காம இருந்தா கட்டே போயிருக்குமே."

வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் தொடங்கியது.

உள்ளே வந்ததும் அந்த மனிதருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. மேலிடமாவது ஒன்றாவது, இப்போதே புதிய அட்டை எழுதி ஒட்டுகிறேன் என்று மேஜையைக் குடைந்து வெள்ளை அட்டையும் பேனாவும் எடுத்தார். 'உயிரைத் துச்சமாக மதித்து' என்று ஆரம்பித்தார். அப்படி ஒன்றும் மதிக்கவில்லை, அடித்துவிடுங்கள் என்றேன். அண்ணி, இருக்கட்டுமே என்றார். அடுத்த அட்டையில் 'தனி ஒருவராக'. அதையும் அடிக்கச் சொன்னேன். கதவுச் சக்கரத்தைத் தனி ஒருவர் சுற்றவே முடியாது, படத்தில் நிற்கிற கடைசி ஆளும் உடன் இருந்தார் என்றேன். மூன்றாவது அட்டையை எடுத்தவர், தகவலைச் சரிபார்க்கிறேன் என்று எதிர்ச்சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அணை விதிகளின் முன்னால் போய் நின்றார். படிகளைப் பார்த்து வந்த கண்ணல்லவா, இப்போது எல்லாம் புரிந்தது.

"அம்மா, ஏழாவது விதியைப் பாருங்க. ஆறு படி காய்ந்திருக்கையில் கதவுகளைத் திறக்க வேண்டும்னு இருக்கு. சார் நாலுலதான் திறந்திருக்காரு. ரெண்டு படி லேட்டு."

 அவர் மறுபடி பதிவேட்டுக்கு ஓடினார். குறிப்புக் கட்டத்தில் என் வீட்டுக்காரர் எழுதியிருந்ததை வாசித்தார். 'கதவுகள் இறுகியிருந்தன.' வாசித்துவிட்டு, சங்கடத்தோடு, எண்ணெய் போடாமல் விட்டிருப்பார்களோ என்றார். சீக்கிரம் திறந்தார் என்ற பழி போய், இப்போது தாமதமாகத் திறந்தார், எண்ணெயும் போடவில்லை என்று வந்து நின்றது. இவருக்குப் புரிய வைத்ததற்குப் பதில் பறவை வீடியோவை இன்னொரு தடவை பார்த்திருக்கலாம்.

அண்ணி என் கையைப் பிடித்தார். "இதுக்குத்தான் சொன்னேன். இப்ப பாரு, அவனை இன்னும் மாட்டி விட்டுட்ட. தண்ணி ஏறினதும் திறந்தாருன்னு மட்டும் எழுதச் சொல்லிட்டு வா, போகலாம்."

அப்படிச் செய்திருக்கலாம். அதில் பொய் எதுவும் இல்லை. காப்பாளரும் அதற்குத் தயாராகத்தான் பேனாவோடு நின்றார். ஆனால் இவர் இனி வருகிற ஒவ்வொருவரையும் படிக்குக் கூட்டிப்போவார், ஏழாம் விதியைக் காட்டுவார். என் மகள் அடுத்த வருஷமும் நாற்பது பேரோடு வருவாள்.

"கதவு இறுகலை" என்றேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்தச் சக்கரங்களுக்கு எண்ணெய் போடுவார். இருவர் பிடித்தால் வழுக்கிக்கொண்டு சுற்றும். அன்றைக்கு அவர் அந்தக் கட்டத்தில் எழுதியது பொய். விசாரணைக்கு வந்த பொறியாளரிடமும் அதையே சொன்னார். பராமரிப்பில் குறை என்று எழுத்தில் ஒரு கண்டனம் வாங்கிக்கொண்டார். அவர் வேலையில் வாங்கிய ஒரே கண்டனம் அதுதான்.

கீழே ஆற்றுப் படுகையில் அப்போது ஒரு செங்கல் சூளை இருந்தது. கொட்டகைகளில் பதினோரு பேர். அவர்களுக்குச் சொல்லாமல் திறக்க முடியாது. சைக்கிளில் போய்ச் சொல்ல வேண்டிய ஆள் காய்ச்சலில் கிடந்தார். கதவருகில் இருவர் இருந்தே ஆக வேண்டும். பதிவேட்டில் ஏழு என்று எழுதிவிட்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். இரண்டு வயது மகளை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார். மதகு அறையில் எண்ணெய் டப்பாக்கள் வைக்கிற மரப்பெட்டிக்குள் அவளை உட்கார வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் ஓடினேன்.

ஒரு மைல் சேறு. போய்ச் சொன்னால் கேட்கிறார்களா? மேஸ்திரி, சுடாத கல்லை என்ன செய்வது, முதலாளிக்கு யார் பதில் சொல்வது என்று என்னோடு வாதாடினார். ஒருத்தி அடுப்பிலிருந்து பானையை இறக்கிவிட்டு வருகிறேன் என்றாள். இறக்கினாள், பிறகு மூடியைத் தேடினாள். நான் வாழ்க்கையில் அவ்வளவு கெட்ட வார்த்தை பேசியதில்லை. எல்லோரையும் கரைமேட்டில் ஏற்றிவிட்டு, நனைந்த துண்டை எடுத்து மதகைப் பார்த்து வீசினேன். அவர் அதற்காகத்தான் காத்திருந்தார். ஆறிலும் திறக்கவில்லை, ஐந்திலும் திறக்கவில்லை. அந்த இரண்டு படியும் நான்தான்.

சம்பளப் பட்டியலில் இல்லாத ஆளை, அதுவும் மனைவியை, அணை வேலைக்கு அனுப்பியது தெரிந்தால் வேலை போகும். நான் வழுக்கி ஆற்றில் போயிருந்தால் அவர் கதை அதோடு முடிந்தது. அதனால்தான் கதவு இறுகியது. யாரிடமும் சொல்லாதே என்றார். மகளிடம்கூட நான் சொன்னதில்லை.

இத்தனையும் நான் சொல்லி முடித்தபோது அண்ணி அங்கே கிடந்த பழைய பொறியாளரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். அதன் கையில் 'அமரக் கூடாது' என்ற சீட்டுத் தொங்கியது. காப்பாளர் பார்த்துவிட்டு, சீட்டைத் திருப்பிவிட்டார்.

"நீயா ஓடின?" என்றார் அண்ணி. "எங்கிட்டகூட அந்தப் பய கதவு மேலதான் பழியைப் போட்டான்."

காப்பாளர் மூன்றாவது அட்டையை மேஜையில் வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதினார். விதியை எழுதச் சொன்னேன். நான்கு வரை பொறுத்தார் என்பதையும், ஏன் என்பதையும். குறிப்புக் கட்டத்தில் இருப்பது உண்மையல்ல என்பதையும். இடையில் ஒரு தடவை 'தியாகம்' என்று எழுதப் போனார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். சூளையில் பதினோரு பேர் என்பதற்கு வந்தபோது அட்டையின் அடி விளிம்பு வந்துவிட்டது.

"அம்மா, இவ்வளவும் இதுல அடங்காது" என்றார். "அந்த ஓடின விஷயத்தை விட்டுடலாமா?"

"எழுத்தைச் சின்னதாக்குங்க" என்றேன்.