ரெண்டாவது தடவை கேட்கணும்

முதலாளியம்மா வந்து கேட்டபோது அவள் ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற இரண்டு முனைகள் பனைமரத்தின் கையில் இருந்தன. பனைமரம் என்பது கூட வேலை பார்க்கும் மனிதருக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர். அவ்வளவு உயரம். ஓட்டல்களிலிருந்து வரும் விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பும் சலவைக்கூடம் அது. நாடு விட்டு நாடு வந்த இடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை.

"அடுத்த வாரத்துலேருந்து காலை ஷிப்டுல ஒரு ஆள் குறையுது. நீ வர்றியா?"

அவளுக்கு நெஞ்சு துள்ளியது. இந்தக் காலை ஷிப்டுக்காக அவள் வேண்டாத தெய்வம் இல்லை. இப்போதைய வேலை மதியம் தொடங்கி இரவில் முடிகிறது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் ஆள் இருக்காது. இவள் திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். தாயும் மகளும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வது காலையில் தலை பின்னும் அவசரத்தில்தான்.

வேலையில் சேரும்போது, "அப்பா வர்ற வரைக்கும் தனியா இருந்துக்குவியாடி?" என்று மகளிடம் கேட்டாள். "பரவாயில்லம்மா" என்றாள் மகள். அடம்பிடிக்காத பிள்ளை என்று மெச்சிக்கொண்டு இவளும் கிளம்பிவிட்டாள். காலை ஷிப்டு கிடைத்தால் மகளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடலாம்.

இத்தனை ஆசையையும் வைத்துக்கொண்டு அவள் சொன்ன பதில் இதுதான்: "ஐயோ, பரவாயில்லைங்க. எனக்கெதுக்கு? வேற யாருக்காவது குடுங்க."

சிரிக்காதீர்கள். நாமாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம். போன வீட்டில் சாப்பிடச் சொன்னால், பசி வயிற்றைக் கிள்ளினாலும் "இப்பதான் சாப்பிட்டு வந்தேன்" என்பதுதானே முறை? அவர்கள் "அட, கொஞ்சமா சாப்பிடுங்க" என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டும். நாம் "சரி, உங்க திருப்திக்கு" என்று உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். முதல் கேள்விக்கே தலையை ஆட்டினால் சோற்றுக்கு அலைகிறவள் என்று பேர் வரும். ஆகவே அவள் விரிப்பைப் பார்த்தபடி, இரண்டாவது கேள்விக்காகப் பணிவாகக் காத்திருந்தாள்.

"அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா போய்விட்டார்.

போயே போய்விட்டார். பனைமரம் மடிப்பைச் சேர்க்க இரண்டடி முன்னால் வந்து நின்றார். அவளுக்குக் கால் நகரவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவள் விஷயத்தில் வாயே தட்டிவிட்டது.

மறுநாள் காலை, சரக்குக் கிடங்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவனிடம் புலம்பினாள்.

"வீடு தேடி வந்த சீதேவிய எட்டி உதைச்சிட்டு வந்திருக்க" என்றான் அவன், ஷூ கயிற்றைக் கட்டியபடி.

"ரெண்டாவது தடவை கேப்பாங்கன்னு நெனச்சேங்க."

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்கப்பா எங்களுக்குப் பலகாரம் வச்ச மாதிரி, தட்டுல வச்சு, இன்னும் எடுத்துக்கங்கன்னு கெஞ்சுவாங்கன்னு நெனச்சியா?"

"நானே போய் எப்படிக் கேக்குறது? வாய் கூசுது."

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். போய் அழு. நீ சீக்கிரம் வந்தா எனக்கும் நிம்மதி. நான் வர்றப்பல்லாம் வீடு கல்யாண வீடு மாதிரி எரியுது. உன் மக ஒரு லைட்டையும் அணைக்கறதில்ல."

அன்று அவள் ஷிப்டுக்கு முன்பே போய் நின்றாள். முதலாளியம்மா சுவர்ப்பலகையில் காலை ஷிப்டின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். கடைசி இடத்தில் பனைமரத்தின் பெயர் பாதி வந்திருந்தது. அவள் அவசரமாகப் பக்கத்தில் போனாள்.

"நேத்து காலை ஷிப்டு கேட்டீங்கல்ல..."

"நீதான் வேண்டாம்னுட்டியே."

"வேண்டாம்னுதான் சொன்னேன். ஆனா வேணும்."

முதலாளியம்மா கண்ணாடியை இறக்கி ஒரு பார்வை பார்த்தார். அரைகுறையாகக் கற்ற அந்த ஊர் மொழியில், பாதி கையாலும் பாதி வாயாலும் அவள் விளக்கினாள். "எங்க பக்கம் மொதல்ல வேண்டாம்னு சொல்றதுதான் மரியாதை. ரெண்டாவது தடவை நீங்க கேக்கணும். அப்பதான் நாங்க சரின்னு சொல்வோம்."

"நான் கேக்கலைன்னா?"

"இப்படி வந்து நிக்க வேண்டியதுதான்."

முதலாளியம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நிமிர்ந்து நின்று, கல்யாணத்துக்கு அழைப்பவர் மாதிரி மரியாதையாகக் கேட்டார். "சரி, ரெண்டாவது தடவை கேக்குறேன். காலை ஷிப்டுக்கு வர்றியா?"

"ஐயோ, பரவா..." பழக்கதோஷம், நாக்கு பாதி ஓடிவிட்டது. கடித்து நிறுத்தினாள். "வர்றேங்க. கண்டிப்பா வர்றேன்."

பனைமரத்தின் பெயர் அழிந்தது. "அப்பாடா, காலைல எந்திரிக்கிறதுன்னாலே எனக்குக் காய்ச்சல் வந்துடும்" என்றார் அவர், பின்னாலிருந்து.

அடுத்த திங்கட்கிழமை மகள் தன் சாவியால் கதவைத் திறந்தபோது அடுப்படியில் அம்மா இருந்தாள். சூடான சோற்றைத் தட்டில் போட்டு, எதிரில் உட்கார்ந்துகொண்டாள். மகள் அள்ளி அள்ளிச் சாப்பிடுவதைப் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது.

"இத்தனை நாள் தனியா இருந்தது கஷ்டமா இருந்துச்சாடி?"

"இல்லம்மா. பரவாயில்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தப் பரவாயில்லை அவளுடையது. அதே இழுப்பு, அதே குனிந்த தலை. பெற்றவள் ஆயிற்றே, அன்றைக்கே இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டாமா?

இன்று கேட்டாள். "நெசமாவா? சொல்லு, கஷ்டமா இருந்துச்சா?"

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "இருட்டினா பயமா இருக்கும்மா. எல்லா ரூம்லயும் லைட்டப் போட்டு வச்சுக்குவேன்."

அவள் நாற்காலியை இழுத்து மகளை ஒட்டி உட்கார்ந்தாள். தட்டு காலியான பிறகும் எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடக் கதை, பனைமரத்தின் காய்ச்சல் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. வெளியே இருட்டியதைக்கூட இருவரும் கவனிக்கவில்லை.

கதவு திறந்தது. கணவன் வாசலிலேயே நின்று இருட்டான கூடத்தையும், சமையலறையில் எரிந்த ஒற்றை விளக்கையும் பார்த்தான்.

"என்ன, கரண்ட் போயிடுச்சா?" என்றான்.