பட்டறை வாசல் மணி

பட்டாளத்தாரிடம் அடி வாங்காதவன் ஊரில் ஒருவன்கூட இல்லை என்பது அவர் செத்த பிறகுதான் தெரிய வந்தது.

இரங்கல் கூட்டம் அவருடைய வெல்டிங் பட்டறையிலேயே நடந்தது. பேக்கரிக்காரர் எழுந்து, முன்பல் செட்டைக் கழற்றிக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"இது அண்ணன் குடுத்த பரிசு! பின்னால போய்த் தொட்டேன், ஒரே குத்து!"

செட் செய்து கொடுத்த பல் டாக்டர் கூரையைப் பார்த்தார். அந்தப் பற்கள் சொத்தையில் போனவை.

அடுத்து வியாபாரிகள் சங்கத் தலைவர். ஜவுளிக்கடை முதலாளி, போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து மூக்கு கோணியவர். அந்த மூக்கையும் பட்டாளத்தார் கணக்கிலேயே எழுதிவிட்டார்.

பட்டாளத்தாரின் மகள் வேலை மேஜையில் சாய்ந்து, வலது காதைக் கூட்டத்தின் பக்கம் கொடுத்து நின்றிருந்தாள். இடது காது செத்துப் பல வருஷம் ஆகிறது.

நடந்தது அவளுக்குத் தெரியும். போரில், ஒரு பதுங்கு குழியில், பின்னாலிருந்து ஒருவன் கம்பியால் அப்பாவின் கழுத்தை இறுக்கினான். கைக்கு அகப்பட்டது மண்வெட்டி. முகம் முகமாக இல்லாமல் போகும்வரை அடித்திருக்கிறார். செத்தபிறகும் அடித்திருக்கிறார். ஊர் திரும்பிய பின்னும் அந்தக் கை ஓயவில்லை. பின்னாலிருந்து யார் தொட்டாலும் புத்திக்கு முந்திக் கை போய்விடும். வெள்ளத்தின்போது தானே வைத்த ஜன்னல் கம்பிகளைத் தானே அறுத்து எத்தனையோ குடும்பங்களை வெளியே இழுத்துப் போட்ட கையும் அதுதான். ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது சும்மா இல்லை.

ஏழு வயதில் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தவள் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இடுக்கி பிடித்த கை திரும்பியது. சுவரில் போய் விழுந்தாள். காதிலிருந்து ரத்தம். தரையில் கிடந்தபடி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தன் கையைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் வாசலில் மணி வந்தது. மணி அடித்து, உள்ளேயிருந்து "வா" என்று குரல் வந்தால்தான் நுழையலாம். சோறு கொண்டுவரும் அம்மாவுக்கும் அதே சட்டம்.

"இந்த மணி சாதாரண மணியா?" தலைவர் முழங்கினார். "எதிரி முகாம்ல புகுந்து, ஏழு பேரைச் சாச்சுப்புட்டு, இதை அடிச்சுக்கிட்டே மிச்சப் பேரைத் தொரத்துனாரு!"

"மணிச் சத்தம் கேட்டா எதிரி உஷாராயிர மாட்டானா?" என்றார் பல் டாக்டர்.

"அதான் ஓடுனான்ங்கிறேன்! ஆகவே, இந்த வீரமணியைச் சங்கக் கட்டடத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறதா தீர்மானம் போட்டிருக்கோம்."

கைதட்டல் அடங்கியதும் மகள் முன்னால் வந்தாள்.

"அண்ணே, மணி எனக்கு வேணும். கிரைண்டர் ஓடுறப்ப யார் வர்றாங்கன்னு தெரியாது. எங்கப்பா அடிச்சுத்தான் இந்தக் காது போச்சு. பழைய இரும்புக் கடையில வாங்கி மாட்டுன மணி அது. அப்பாவுக்கு இருந்தது எனக்கும் ஒட்டிக்கிச்சுண்ணே. என்னையும் பின்னால தொட்டா கை நிக்காது. ஊருக்குத் தெரியாம இருந்தது மணி இருந்ததாலதான்."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா! பெத்த பொண்ணுக்கும் அதே அடி! பாரபட்சமே தெரியாத மனுஷன்யா!"

முன்னைவிடப் பலத்த கைதட்டல்.

செவிடன் காதில் சங்கு ஊத ஒரு காது போன அவள்தான் முயன்றிருக்கிறாள். கூட்டத்தை விட்டுப் பட்டறையின் உள்கோடிக்குப் போனாள். பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய கேட் பாதியில் கிடந்தது. கிரைண்டரைப் போட்டாள். பொறி பறந்தது.

வாசலில் மணியின் கொக்கியைச் சங்கத்து ஆட்கள் சம்மட்டியால் பெயர்த்தது அவள் காதில் விழவில்லை. மணியைக் குழந்தைபோல இடுப்பில் ஏந்தி, புகைப்படக்காரரைக் கூட்டிக்கொண்டு, தலைவர் உள்ளே வந்தார். மணியின் நாக்கு ஆடாமல் விரலால் பிடித்திருந்தார். கிரைண்டர் ஓய்ந்து அவள் வெல்டிங் சுத்தியலை எடுத்த நேரம். வீரனின் மகளுக்கு ஆறுதல் சொல்லும் படம் நாளைக்கே சங்கப் பலகையில் ஏற வேண்டும். இடது பக்கமாக வந்து தோளில் கை வைத்தார்.

கை போய்விட்டது.

சுத்தியலின் பிடி மூக்கில் இறங்கியது. எலும்பு முறிந்தது வாசல் வரை கேட்டது. அவர் கேட்டின் மேல் சரிந்தார். கை மறுபடி ஓங்கியது. மணி தரையில் விழுந்து கணீரென்று அலறியது. அந்தச் சத்தத்தில்தான் கை அந்தரத்தில் நின்றது.

வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். அவள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது. அன்றைக்குக் கீழேயிருந்து பார்த்திருந்தாள்.

"அடடா, அப்பா கை அப்படியே!" என்றார் பேக்கரிக்காரர், பாதுகாப்பான தூரத்திலிருந்து.

"மணிய..." தலைவர் ரத்தத்தைத் துப்பினார். "மணிய மாட்டுங்கய்யா மொதல்ல!"

கொக்கியைப் பற்றவைக்க ஊரில் வேறு ஆள் இல்லை. அவளேதான் வைத்தாள். அதுவரை ஒருவரும் அவள் பின்னால் நிற்கவில்லை.

மறுவாரம் மணி அடித்தது. வாசலில், மூக்கில் பஞ்சோடு தலைவர். கோணல் இப்போது மறுபக்கம் திரும்பியிருந்தது. கூடவே வெளியூர்க்காரர் ஒருவர். அவரிடம் தலைவர் தன் மூக்கைப் பெருமையாகத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

"வரலாமாம்மா?"

அவள் கிரைண்டரை நிறுத்தி, முழுதாகத் திரும்பி நின்றாள்.

"வாங்க. முன்பக்கமாவே வாங்க."