குழாய் ஒழுகிய கதை

அந்தக் காலத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பேஷன் ஃப்ரூட் கொடியின் சொந்தபந்தப் பூக்களையெல்லாம் ஆல்கஹாலில் ஊறவைத்து, தூக்கம் தரும் சத்தைத் தேடினோம். சாறு காய்ச்சிய அன்று கூரையில் பல்லி குறட்டை விட்டது. சுவர்க் கடிகாரம் கொட்டாவி விட்டு நின்றுபோனது. நம்பாதவர்கள் பல்லியைக் கேட்டுக்கொள்ளலாம்.

எனக்கோ பல மாதமாகப் பொட்டுத் தூக்கமில்லை. இதுவும் கைவிட்டால் பைத்தியம்தான் என்று, சோதனைக்கு நானே படுத்தேன். பக்கத்து மேசைக்காரி ஒரு டம்ளரை நீட்டிவிட்டு, தன் வீட்டுக் குழாய் ஒழுகும் கதையை ஆரம்பித்தாள். கதையில் குழாய்க்காரர் வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன்.

விழித்ததும், "பூ ஜெயிச்சிடுச்சு" என்றேன்.

"சாறு குடிச்ச எலி இன்னும் எந்திரிக்கல. ஆனா நீங்க குடிச்சது, ஒப்பிட்டுப் பாக்க வெச்ச வெறும் சர்க்கரைத் தண்ணி" என்றாள்.

அந்தத் தண்ணீரை நம்பித்தான் கல்யாணம் செய்துகொண்டோம். ஆயுசுக்கும் அவள் பேசினாள், நான் தூங்கினேன்.

"நான் பேசறது காதுல விழுதா?"

"ம்" என்பேன், தூக்கத்திலேயே.

அவள் போனபின் ஜன்னலில் அந்தக் கொடியை வளர்க்கிறேன். அசல் சாற்றையே குடித்துவிட்டுக் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன். அந்தக் குழாய்க்காரர் கடைசியில் வந்தாரா என்று அவளிடம் கேட்காமலே இருந்துவிட்டேன்.